மாடிவீடும் தீயும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இலக்கியமும் சமயமும் பேசிப் பழகிய இவ்வவையிலே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். மேல்மாடியில் வாழும் ஒரு குடும்பம், தீ விபத்து நேருமிடத்து எவ்வாறு உயிர் தப்புவது என்பதே அப்பொருள். "இதற்கு ஒரு பேச்சும் வேண்டுமா? தீப்பிடித்தால் ஓடவேண்டியதுதானே!" என்று நீங்கள் கேட்கலாம். ஓடவேண்டியதுதான். ஆனால் எந்த வழியால் ஓடுவது? யாரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது? எந்தக் கதவைச் சாத்திவிட்டு ஓடுவது? சிலவேளை ஓடாது உள்ளேயே இருப்பது நன்றா? இக்கேள்விகளுக்குத் தீ வந்தபின் விடை தேட நேரம் இராது. விடையை முன்னரே தேடி வைத்திருத்தல் வேண்டும். அன்றியும், அவ்விடை ஒரு வீட்டார் தனித்துக் காணக்கூடியதன்று. ஒரே படிக்கட்டைப் பாவிக்கும் எல்லோரும் சேர்ந்தே காணவேண்டும். யான் இன்று கூறவந்தது இவ்வளவே. மற்றவையெல்லாம் இதற்கு விளக்கம்.

நம் முன்னோர் நிலத்தோடு ஒட்டிய வீடுகளில் வாழ்ந்தார்கள். முன்வாசல் இருந்தது; பின்வாசல் இருந்தது; நடுவில் முற்றம் இருந்தது; கூப்பிடு தூரத்திற் கிணறு இருந்தது. கிடுகுக் கூரை பற்றிக்கொண்டால் வீடு போய்விடும். ஆனால் ஆட்கள் முற்றத்துக்குப் பாய்ந்து பிழைத்துக்கொள்வார்கள். அயலவர் வாளியோடு ஓடி வருவார்கள். இன்றோ வெள்ளவத்தையிலும், பம்பலப்பிட்டியிலும், கொட்டாஞ்சேனையிலும், தெகிவளையிலும் எங்கள் குடும்பங்களிற் பல தொடர்மாடிகளில் வாழ்கின்றன. ஐந்தாம் மாடி, எட்டாம் மாடி, பத்தாம் மாடி என்று முகவரி சொல்லுகின்றோம். முற்றம் எங்களுக்கு ஐம்பதடிக்கும் நூறடிக்கும் கீழே கிடக்கின்றது. பின்வாசல் என்பதே இல்லை. வீடு மாறிவிட்டது, தீயைப் பற்றிய எங்கள் எண்ணமோ இன்னும் பழைய முற்றத்திலேயே நிற்கின்றது.

இது புதிய பிரச்சினையன்று. உரோமாபுரியிலே ஏழை மக்கள் பல மாடிக் குடியிருப்புக்களில் நெருங்கி வாழ்ந்த காலத்திலேயே இது தோன்றிவிட்டது. அகஸ்தஸ் சக்கரவர்த்தி கி.பி. 6ஆம் ஆண்டில் தீயணைக்கும் இரவுக் காவற்படை ஒன்றை நிறுவினான். வீதியோரக் கட்டடங்கள் 70 உரோம அடிக்கு மேல் உயரலாகாது என்றும் விதித்தான். அப்படியிருந்தும் கி.பி. 64இல் மூண்ட பெருந்தீயில் அந்நகரின் 14 பகுதிகளில் 4 மாத்திரமே முற்றாகத் தப்பின. மாடி உயர உயரத் தப்பும் வழி நீளும் என்பதை மனிதன் ஈராயிரம் ஆண்டுகளாக அறிந்திருக்கின்றான். அறிந்தும் மறந்துவிடுகின்றான்.

முதலிலே தீயின் இயல்பை நோக்குவோம். தீ மேல்நோக்கிப் பாயும். அனுமன் இலங்கையை எரித்த கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, மாடமும் கூடமும் எப்படிப் பற்றி எரியும் என்பதைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் கதைகளிலே சுவாலைதான் தோன்றும். உண்மையிலே கட்டடத் தீயில் மாள்பவர்களிற் பெரும்பாலோரைக் கொல்வது புகையே. எரியும் பொருள்களிலிருந்து காபன் மொனொக்சைட்டு என்னும் வாயு எழுகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. எங்கள் குருதியிலே ஒட்சிசனைச் சுமக்கும் பொருளோடு அது ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான பலத்தோடு பற்றிக்கொள்ளும். விழித்திருப்பவன் தலைசுற்றி மயங்குவான். உறங்குபவன் எழும்பாமலே இறந்துபோவான். புகை மணம் உறக்கத்திலிருந்து எழுப்பிவிடும் என்று நம்புவது பேதைமை. ஆகவேதான், புகையை அறிந்து கூவும் சிறு கருவியொன்றை ஒவ்வொரு வீட்டுக் கூரைத்தளத்திலும் பொருத்தும்படி அறிந்தோர் வற்புறுத்துகின்றனர்.

இரண்டாவதாக, காலத்தை நோக்குவோம். அமெரிக்காவிலே தீயாராய்ச்சி செய்தவர்கள் ஒரே அளவான இரண்டு அறைகளைக் கட்டினார்கள். ஒன்றிலே பழைய காலத்து மரக் கதிரை, பருத்தி மெத்தை முதலியவற்றை வைத்தார்கள். மற்றதிலே இக்காலத்து நுரைமெத்தை, செயற்கை நார்த் திரைச்சீலை, பிளாஸ்ரிக் சாமான் முதலியவற்றை வைத்தார்கள். இரண்டிலும் ஒரே விதமாகத் தீ வைத்தார்கள். பழைய அறை முற்றாகத் தீ மயமாக ஏறக்குறைய அரைமணி நேரம் சென்றது. புதிய அறைக்கு நான்கு நிமிடமும் செல்லவில்லை. எங்கள் தொடர்மாடி வீட்டு விறாந்தையிலுள்ள சோபாவை எண்ணிப் பாருங்கள். அது எந்த அறையைச் சேர்ந்தது? திறப்பைத் தேடவும், தாலிக்கொடியை எடுக்கவும், யார் முன்னே யார் பின்னே என்று வாதாடவும் நான்கு நிமிடம் போதுமா?

நிற்க. தீயின் இயல்பை அறிந்தோம். இனி மனிதர் செய்துவைக்கும் காரியங்களை நோக்குவோம். மூன்று கட்டடங்களின் வரலாற்றை உங்கள் முன் வைக்கின்றேன். ஒன்று திறப்பைப் பற்றியது. மற்றது கதவைப் பற்றியது. மூன்றாவது படிக்கட்டைப் பற்றியது.

1911ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆந் திகதி நியூ யோர்க் நகரிலே பத்து மாடிக் கட்டடமொன்றின் மேல் மூன்று மாடிகளில் இயங்கிய சட்டைத் தொழிற்சாலையில் தீ மூண்டது. ஒன்பதாம் மாடியிலிருந்து வெளியேறும் கதவுகளில் ஒன்று பூட்டிக் கிடந்தது. தொழிலாளர் துணி திருடாதிருத்தற் பொருட்டு அவ்வாறு பூட்டும் வழக்கம் இருந்தது. வெளிப்புறத்தில் இருந்த இரும்புப் படி பாரந் தாங்காது முறிந்தது. தீயணைப்புப் படையினரின் ஏணி ஆறாம் மாடியளவிலே நின்றுவிட்டது. 146 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் இளம்பெண்கள். பல்கலைக்கழகத்தார் உள்ளூர் வாடகை அறைகளில் வாழும் வாழ்க்கையை அறிந்த உங்களுக்கு இதனை ஏன் சொல்லுகின்றேன் என்பது விளங்கும். இரவு ஒன்பது மணிக்கு இரும்புக் கிறில் கதவைப் பூட்டித் திறப்பை வீட்டுக்காரரே எடுத்துச் செல்லும் வழக்கம் மாணவர் தங்கும் மாடிகள் சிலவற்றில் இன்றும் உண்டு. கள்ளனை அஞ்சிப் பூட்டுகின்றோம், அது தவறன்று. ஆனால் உள்ளே இருப்பவன் கையிலே திறப்பு இல்லாத பூட்டு, கள்ளனை மாத்திரம் தடுப்பதன்று.

இரண்டாவது வரலாறு அண்மைக் காலத்தது. 2022ஆம் ஆண்டு சனவரி 9ஆந் திகதி அதே நியூ யோர்க் நகரின் புறொங்க்ஸ் பகுதியிலே 19 மாடித் தொடர்மாடி ஒன்றில், கீழ்மாடி வீடொன்றில் இருந்த மின்சார வெப்பமூட்டியிலிருந்து தீ எழுந்தது. சுவாலை அந்த வீட்டையும் அதன் வெளி நடையையும் தாண்டிப் பெரிதும் பரவவில்லை. எனினும் 17 பேர் இறந்தனர். அவர்களில் 8 பேர் சிறுவர். எல்லோரையும் கொன்றது புகை. காரணம் யாது? எரிந்த வீட்டார் தப்பி ஓடியபோது, தானாகச் சாத்தவேண்டிய அவ்வீட்டுக் கதவு சாத்தவில்லை. மேலே 15ஆம் மாடியில் படிக்கட்டுக் கதவொன்றும் திறந்து கிடந்தது. கீழே ஒரு வாய், மேலே ஒரு வாய், இடையிலே படிக்கட்டு. அது படிக்கட்டாக இருக்கவில்லை, புகைபோக்கியாகிவிட்டது. உயிர் தப்ப எண்ணிப் படியால் இறங்கியவர்கள் அப்புகையினுள்ளே சென்றார்கள். அன்று அபாயமணியும் ஒலித்தது. ஆனால் அம்மணி காரணமின்றி அடிக்கடி ஒலித்துப் பழகியமையால், குடியிருந்தோர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

இங்கே ஒரு கணம் தரித்துச் சிந்தியுங்கள். ஓடியவர்கள்மீது குற்றஞ் சொல்ல யான் வரவில்லை. வீடு எரியும்போது பிள்ளைகளோடு ஓடும் மனிதன் கதவைத் திரும்பிப் பாரான். அதனாற்றான் கதவு தானே சாத்திக்கொள்ளும்படி அமைக்கின்றார்கள். அதனாற்றான் அந்த அமைப்பைப் பழுதில்லாது வைத்திருக்கவேண்டும் என்கின்றார்கள். சாதாரண மரக் கதவொன்று கூடச் சாத்திக் கிடந்தால் சில நிமிடங்கள் தீயையும் புகையையும் தடுத்து நிற்கும். தீத்தடுப்புக் கதவு அரைமணி நேரம் நிற்கும். என் வீட்டுக் கதவை யான் சாத்துவது என் வீட்டைக் காப்பதற்கன்று. அது ஏற்கெனவே எரிகின்றது. மேல்மாடியில் உறங்கும் ஒருவருடைய பிள்ளையைக் காப்பதற்கே சாத்துகின்றேன். அயலாரை நேசித்தல் என்பதற்கு இதனிலும் எளிதான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது வரலாறு இலண்டனிலே நிகழ்ந்தது. 2017ஆம் ஆண்டு யூன் 14ஆந் திகதி நள்ளிரவு தாண்டியபின் கிறென்பெல் என்னும் 24 மாடிக் கட்டடத்தின் நான்காம் மாடிக் குசினியிலே, குளிர்சாதனப் பெட்டியொன்றிலிருந்து தீ எழுந்தது. தீயணைப்புப் படைக்கு முதல் அழைப்புச் சென்றபோது நேரம் 12.54. அக்கட்டடத்துக்குப் படிக்கட்டு ஒன்றே ஒன்று. குடியிருந்தோர்க்குத் தரப்பட்டிருந்த அறிவுரை, "உன் வீட்டிலே தீ இல்லையெனில் உள்ளேயே இரு" என்பது. அவ்வறிவுரையை நகைக்காதீர்கள். கொங்கிறீற்றுச் சுவரும் தீத்தடுப்புக் கதவும் ஒவ்வொரு வீட்டையும் ஒரு பெட்டிபோற் காக்கும். ஆகவே ஒரு வீட்டுத் தீ மறுவீட்டுக்குச் செல்லாது என்பதே அதன் அடிப்படை. பெரும்பாலான தீ விபத்துக்களில் அது சரியாகவும் இருக்கும். புறொங்க்ஸிலே படியில் இறங்கிப் புகையிற் சிக்கியவர்களை எண்ணுங்கள்.

ஆனால் கிறென்பெல் கட்டடத்தின் வெளிச்சுவருக்கு, அதற்கு முந்திய ஆண்டு முடிந்த திருத்தவேலையின்போது, எரியக்கூடிய பிளாஸ்ரிக்கை உள்ளே வைத்த அலுமினியத் தகடுகளைப் போர்த்திருந்தார்கள். தீ யன்னல் வழியே வெளியேறி அத்தகட்டைப் பற்றியது. அரைமணி நேரமளவிலே கூரைவரை ஏறிவிட்டது. பெட்டிபோற் காக்கவேண்டிய வீடுகளுக்குள் தீ வெளியேயிருந்து புகுந்தது. அந்நாளில் இலண்டன் படையினரிடம் இருந்த ஏணிகளில் மிக உயர்ந்தது 32 மீற்றர். கட்டடமோ 67 மீற்றர். "உள்ளேயே இரு" என்னும் அறிவுரை 2.47 வரை மாற்றப்படவில்லை. 72 பேர் மாண்டனர். பின்னர் விசாரணை நடத்திய குழு, அவ்வறிவுரையை 1.30க்கும் 1.50க்கும் இடையிலேயே கைவிட்டிருக்கவேண்டும் என்று 2019இல் அறிக்கையிட்டது. 2025ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி கொங்கொங்கின் தைப்போ பகுதியிலும், திருத்தவேலைக்காகச் சாரங்கட்டி வலைபோர்த்தியிருந்த எட்டுத் தொடர்மாடிகளில் ஏழு இவ்வாறே வெளிப்புறமாகப் பற்றியெரிந்தன. 150இற்கு மேற்பட்டோர் இறந்தனர்.

இவற்றிலிருந்து யாம் அறியக்கிடப்பது யாது? "எப்போதும் ஓடு" என்பதும் விதியன்று. "எப்போதும் இரு" என்பதும் விதியன்று. எந்த அறிவுரையும் அதற்கு அடிப்படையான கதவும் சுவரும் சரியாக இருக்கும் வரையிலேதான் செல்லும். ஆகவே ஒவ்வொரு குடும்பமும் இரண்டு ஆலோசனைகளையும் வைத்திருத்தல் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதற்கு எப்போது மாறுவது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். அதனைச் சுருக்கிக் கூறுகின்றேன்.

தீ உங்கள் வீட்டிலேயே எழுந்தால், எல்லோரும் உடனே வெளியேறுக; கதவைச் சாத்துக. தீ வேறிடத்தில் எழுந்து, படிக்கட்டிலே புகை இல்லையென்று கண்டால், லிப்ற்றை நாடாது படியால் இறங்குக. கட்டடத்துக்கென்று வேறு ஒழுங்கு வகுக்கப்பட்டிருந்தால் அதனை முன்னரே கேட்டறிந்து அதன்படி நடக்குக. கதவைத் திறக்குமுன் புறங்கையாற் கதவைத் தொட்டுப் பார்க்க, சுட்டால் திறவாதீர்கள். படியிலே புகை எதிர்ப்பட்டால், மற்றப் படிக்கட்டு இருந்தால் அதனை நாடுக. இல்லையேல் வீட்டுக்குத் திரும்பி ஒளிக. ஆனால் வீட்டுக்குள் புகையோ வெப்பமோ புகத் தொடங்கினாலும், வெளிச்சுவர் எரிவதைக் கண்டாலும், யார் இருக்கச் சொல்லியிருந்தாலும், வழியுள்ளபோதே வெளியேறுக.

இனி, வீட்டிலே செய்யவேண்டிய ஆயத்தங்களைக் கூறுகின்றேன். இவற்றுக்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை. ஒரு ஞாயிறு மாலை வேண்டும். வீட்டார் எல்லோரும் ஓரிடத்தில் இருக்கவேண்டும்.

முதலாவது, வழியை நடந்து பார்த்தல். உங்கள் வாயிலிலிருந்து படிக்கட்டுக் கதவுவரை எத்தனை அடி? இடையிலே எத்தனை வாயில்கள்? வலப்பக்கமா, இடப்பக்கமா? எண்ணி மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். புகையிலே கண் தெரியாது. கை சுவரைத் தடவும், வாய் வாயில்களை எண்ணும். இரண்டாவது படிக்கட்டு இருக்கின்றதா? இருந்தால் அதன் கீழ்க்கதவு திறக்கின்றதா, சங்கிலி போட்டுக் கிடக்கின்றதா? ஐந்து வருடம் ஒரே மாடியில் வாழ்ந்தும் லிப்ற்றை அன்றி வேறொன்றையும் அறியாத குடும்பங்கள் உண்டு. லிப்ற்றோ தீயின்போது ஆகாது. மின்சாரம் நின்றால் இடைநடுவில் நிற்கும். அதன் கூடு புகையை இழுக்கும். தீயுள்ள மாடியிலேயே கதவைத் திறந்துவிடவும் கூடும்.

இரண்டாவது, திறப்பு. முன்கதவுத் திறப்புக்கும் கிறில் கதவுத் திறப்புக்கும் நிலையான ஓர் இடம் வேண்டும். கதவுக்கு அருகில், வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில், சிறு பிள்ளையும் எடுக்கத்தக்க உயரத்தில் ஓர் ஆணி போதும். இரவிலே அந்த ஆணியிலன்றி வேறெங்கும் திறப்பு இருத்தலாகாது. யன்னலுக்கும் பல்கணிக்கும் இரும்புக் கிறில் அடித்திருக்கின்றோம். அவற்றுள் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கத்தக்கதாய் இருக்கட்டும். தப்பி இறங்குவதற்கன்று, காற்றுக்கும், கைகாட்டி உதவி கேட்பதற்கும், ஏணி எட்டக்கூடிய கீழ்மாடியாயின் படையினர் உங்களை எடுப்பதற்கும்.

மூன்றாவது, ஆள். இதுவே யாம் பேச அஞ்சும் விடயம். வீட்டிலே அம்மம்மா இருக்கின்றார். முழங்கால் நோவோடு கட்டிலிலிருந்து எழும்பவே கைகொடுக்கவேண்டும். கைக்குழந்தை இருக்கின்றது. பக்கவாதத்தோடு படுத்திருக்கும் பெரியப்பா இருக்கின்றார். தீ வந்தால் அவர்களை யார் இறக்குவது? "எல்லோருஞ் சேர்ந்து இறக்குவோம்" என்றால் ஒருவரும் இறக்கமாட்டார். கிறென்பெல் கட்டடத்தில் வாழ்ந்த உடலியலாதோர் 37 பேரில் 15 பேர் அன்று இறந்தனர். தாமாக இறங்க இயலாத ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஓர் ஆலோசனை முன்னரே எழுதி வைத்திருக்கவேண்டும் என்று விசாரணைக் குழு பரிந்துரைத்தது, அதன் பின்னரேயாகும். ஆகையால் பெயர் குறித்துப் பொறுப்புக் கொடுங்கள். "அம்மம்மாவுக்கு அண்ணனும் யானும்; தம்பிக்கு அம்மா; 110க்கு அழைப்பது அப்பா." பலமான சாய்மானக் கதிரை ஒன்றிலே இருத்தி இருவர் தூக்கி இறக்கமுடியுமா என்று ஒருமுறை ஒரு மாடியளவு செய்து பாருங்கள். முடியாவிட்டால் அதையும் இப்போதே அறிவது நன்று. அப்படியானால் அயல்வீட்டு இளைஞர் ஒருவரை இப்போதே கேட்டு வைக்கலாம். தீயணைப்புப் படைக்கும் கட்டடக் காவலாளிக்கும் சொல்லவேண்டியது யாதென்றும் தெளியலாம். அம்மம்மாவையும் அக்கூட்டத்தில் இருத்திப் பேசுங்கள். "என்னை விட்டுவிட்டு நீங்கள் போங்கோ" என்றே அவர் சொல்லுவார். அச்சொல்லுக்கு அன்றே மறுமொழி சொல்லிவிடுங்கள். தீ வந்த இரவில் அதைப் பற்றி வாதாட நேரமில்லை.

நான்காவது, கூடும் இடம். இறங்கியவர் எல்லோரும் வந்து சேரவேண்டிய ஓரிடத்தை, கட்டடத்திலிருந்து விலகிய ஒரு மரமோ கடையோ சந்தியோ, குறித்துக்கொள்ளுங்கள். ஆள் எண்ணுவதற்கு அஃது அவசியம். மகன் முன்னரே இறங்கியதை அறியாது தந்தை மீண்டும் மேலே ஓடுவதுண்டு. வெளியே வந்தவர் எக்காரணத்தைக் கொண்டும் திரும்பி ஏறலாகாது. காணாதவரின் பெயரையும் வீட்டிலக்கத்தையும் படையினருக்குச் சொல்லவேண்டும்.

ஐந்தாவது, தீ எழாது காத்தல். தீ பெரும்பாலும் குசினியிற் பிறக்கின்றது. எண்ணெய்த் தாச்சி பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை நிறுத்தி மூடியால் மூடுங்கள். 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இந்நாட்டின் பல பாகங்களிலும் காஸ் சம்பந்தமான வெடிப்புக்கள் நிகழ்ந்ததை யாவரும் அறிவோம். அவ்வாயு காற்றைவிடப் பாரமானது, தரையோடு படியும். அதன் மணம் எழுந்தால் மின்சார ஆளியைத் தொடாது, தீக்குச்சி கிழியாது, சிலிண்டரை நிறுத்தி யன்னலைத் திறக்கவேண்டும். சுவாமிப் படத்தின் முன் ஏற்றிய விளக்கைத் திரைச்சீலைக்கு அருகில் எரியவிட்டு உறங்குதலும், கட்டிலின் கீழ் நுளம்புத்திரி வைத்தலும், மெத்தையின் மேல் கைத்தொலைபேசிக்கு இரவு முழுவதும் மின்னேற்றுதலும் நாம் கைவிடவேண்டிய பழக்கங்கள். படுக்கப் போகுமுன் குசினிக் கதவையும் அறைக் கதவுகளையும் சாத்தும் பழக்கத்தை அவற்றுக்குப் பதிலாக மேற்கொள்ளலாம்.

ஆயத்தம் இவ்வளவே. இருந்தும் படி அடைபட்டு உள்ளேயே இருக்க நேர்ந்தால் என் செய்வது? தீயிலிருந்து தூரமானதும் யன்னல் உள்ளதுமான அறைக்குச் சென்று, இடையிலுள்ள கதவுகளையெல்லாம் சாத்துக. நனைத்த துவாயையோ சாரத்தையோ கதவின் கீழ் இடுக்கிலே செருகுக. 110க்கு அழைத்து மாடியிலக்கத்தையும் வீட்டிலக்கத்தையும் எத்தனை பேர் என்பதையும் சொல்லுக. யன்னலிலே வெள்ளைத் துணியையோ ரோச் வெளிச்சத்தையோ அசைத்துக் காட்டுக. யன்னற் கண்ணாடியை உடைக்காதீர்கள். கீழிருந்து புகை ஏறினால் மீண்டும் சாத்தவேண்டி வரும். புகை உள்ளே வந்தால் தரையோடு தாழ்ந்திருங்கள். நல்ல காற்று அங்கேதான் எஞ்சும். மூக்கிலே ஈரத்துணி கட்டுவது கரியைச் சிறிது தடுக்கும். முன்கூறிய நச்சு வாயுவைத் தடாது. அதனை நம்பிப் புகைக்குள் நடக்காதீர்கள்.

"சேலைகளை முடிந்து கயிறாக்கி இறங்கலாமே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். சினிமாவிலே இறங்கலாம். பட்டு முடிச்சு வழுக்கும். கிறில் கம்பி வெட்டும். எட்டாம் மாடியிலிருந்து அறுபது எழுபது அடி கைப்பலத்தால் இறங்கக்கூடியவர் எங்களில் எத்தனை பேர்? இறங்கினும் அம்மம்மா மேலேயே இருப்பார். சேலையைக் கதவிடுக்கிலே நனைத்துச் செருகினால் அது உயிர் காக்கும்.

இறுதியாக, எல்லோர்க்கும் பொதுவானதைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு ஆலோசனை எவ்வளவு சிறந்ததாயினும், படிக்கட்டிலே மூன்றாம் மாடிக்காரரின் பழைய அலுமாரியும், ஐந்தாம் மாடிக்காரரின் சைக்கிளும், ஏழாம் மாடிக்காரரின் வெற்றுப் பெட்டிகளும் கிடந்தால் அது பயன்படாது. படிக்கட்டுக் கதவுக்குக் காற்றுக்காகக் கல் வைத்து அதனைத் திறந்தே விட்டிருப்பவர், பதினைந்தாம் மாடிக்குப் புகைபோக்கி கட்டிக்கொடுக்கின்றார். அவர் கெட்டவரல்லர், யாரும் அவருக்குச் சொல்லவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று எண்ணுகின்றோம். அது எல்லோருடைய உயிருக்கும் சொந்தமான இடம். கோயில் வீதியைச் சிரமதானஞ் செய்யும் இளைஞர்கள், தாம் வாழும் மாடியின் படிக்கட்டையும் மாதமொருமுறை துப்புரவாக்கலாகாதா? கதவு தானே சாத்துகின்றதா, படி விளக்கு எரிகின்றதா, தீயணைக்கும் கருவியின் காலம் கடந்துவிட்டதா, அபாயமணி உண்மையாகவே ஒலிக்கின்றதா என்று பார்த்து நிருவாகத்தாருக்கு எழுதலாகாதா? எந்த மாடியில் இறங்க இயலாதவர் யார் உளர் என்னும் பட்டியல் ஒன்றைக் காவலாளியிடம் கொடுத்து வைக்கலாகாதா? இதற்குச் சங்கமொன்று போதும். சட்டமொன்று வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வருமுன் காவாதவனுடைய வாழ்வை நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போருக்கு வள்ளுவர் ஒப்பிட்டார். குற்றத்தை வருமுன் காத்தலைப் பற்றியே அவர் அங்கே பேசினார். எனினும், உவமைக்கு அவர் எடுத்தது நெருப்பையே. நெருப்பு வந்தபின் வைக்கோலுக்கு யோசிக்க நேரமில்லை என்பதை அவர் கண்டிருந்தார்.

யான் உங்களிடம் வேண்டுவது பெரிதன்று. இன்று கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது லிப்ற்றை விட்டுப் படியால் ஏறிச் செல்லுங்கள். ஏறும்போது ஒவ்வொரு கதவையும் பாருங்கள். ஒவ்வொரு தடையையும் எண்ணுங்கள். வீட்டை அடைந்ததும் திறப்பை ஆணியிலே மாட்டுங்கள். பின்னர், "அம்மம்மாவை யார் இறக்குவது?" என்னும் கேள்வியை வீட்டார் முன் வையுங்கள். அதற்கு ஒரு பெயர் விடையாக வந்துவிட்டால், இப்பேச்சின் நோக்கம் நிறைவேறிற்று.